மருந்தின் அளவும் ஈய ரவையின் பரவலும்

துப்பாக்கியில் மருந்தைக் கூட்டினால் அடியும் பலமாக விழும் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பிழையானது என்பதை 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டு வேட்டைக்காரரும் துப்பாக்கி வினைஞரும் செய்த சோதனைகள் காட்டுகின்றன. அவற்றை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

அக்காலத் துப்பாக்கிகள் பலவற்றிற்குக் குழலின் வாய் வழியாகவே மருந்திடுவர். முதலில் கருமருந்து, அதன்மேல் தடித்த தக்கை, அடுத்து ஈய ரவை, ரவை கொட்டிவிடாதிருக்க இறுதியில் மெல்லிய அட்டை. குழலை விட்டு வெளிப்பட்டதும் ரவைகள் விரிந்து பரவும். அவற்றிடையே வெற்றிடம் பெரிதாயின் பறவை தப்பிவிடும். அல்லது ஓரிரு ரவை பட்டுப் பறந்து சென்று, புதரில் கிடந்து துன்புற்று மடியும். பரவல் சீராக இருத்தல் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

பரவலை அறிவது எங்ஙனம்? 40 கஜத் தொலைவில் அகன்ற காகிதத்தை நிறுத்திச் சுடுவர். துளைகள் நெருங்கி விழுந்த பகுதியை நடுவாகக் கொண்டு, 30 அங்குல விட்டத்தில் வட்டம் வரைவர். இட்ட ரவைகள் 280, வட்டத்தினுள் பட்டவை 112 எனக் கொள்வோம். அது நூற்றுக்கு 40 ஆகும். வாய் குறுகாத நேர்க்குழலுக்கு இஃது ஏறத்தாழ இயல்பான அளவே.

ஒரு முறை சுட்டு முடிவு கூறலாகாது. ஒரே அளவிட்டுப் பல முறை சுட்டுச் சராசரி காண வேண்டும். பின்னர் மருந்து, ரவை, தக்கை ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், பயன் எதனால் விளைந்தது என்று அறிய இயலாது.

இவ்வாறு ஆய்ந்தோர் கண்டது யாது? மருந்து மிகுந்தால் ரவைகள் ஒன்றோடொன்று நெருக்குண்டு நசுங்குகின்றன. உருண்டை வடிவம் கெட்டவை நேரே செல்லாமல் விலகி ஓடுகின்றன. வெம்மையான வாயு தக்கையைக் கடந்து ரவைக்குள் புகுவதும் உண்டு. கனத்த தக்கை பின்னிருந்து மோதி ரவையைச் சிதறடிப்பதும் உண்டு. அப்போது பரவலின் நடுவே வெற்றிடம் தோன்றும். ஆகவே, ஒரே கிண்ணத்தால் மருந்தையும் ரவையையும் சம கொள்ளளவாக அளப்பது பழைய வழக்கமாயிற்று. பரவல் நெருக்கமாக வேண்டின் மருந்தைச் சற்றே குறைப்பர்.

குழலின் வாயைச் சிறிது குறுக்கினால் பரவல் மேலும் நெருங்கும் என்பதும் தெளிவாயிற்று. 1875-ஆம் ஆண்டில் 'தி ஃபீல்ட்' இதழ் நடத்திய சோதனையில் கிரீனர் என்னும் வினைஞரின் துப்பாக்கிகள் இவ்வுண்மையை நிலைநாட்டின. எனினும், வாய்வழி மருந்திடும் துப்பாக்கியில் குறுகிய வாயினூடே தக்கையைச் செலுத்துவது கடினம். எனவே அதற்கு அளவறிதலே முதன்மையான வழியாயிற்று.

மிகை மருந்து பரவலைக் கெடுப்பதோடு நில்லாது. குழலையே வெடிக்கச் செய்து, சுடுவோனின் கையையும் கண்ணையும் பறித்துவிடக்கூடும். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்பதையும் நினைவிற்கொள்வோம்.

பால்மரத்திற்கு ஊக்கமருந்தை அளவு மீறித் தடவினால் பட்டை வறண்டு பால் நின்றுபோவதை நாம் அறிவோம். மிகுதி வேறு, பயன் வேறு. ஒவ்வொன்றாக மாற்றி, அளந்து, எண்ணிப் பார்த்து முடிவு செய்வோமாக.