நான்காவது தடவையும் அதே படம்

கேள்வி: ரத்தம் என்றாலே எனக்கு ஆகாது. ஊசி போடும்போதுகூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஆனால் ‘ஆரண்ய காண்டம்’ படத்தை இதுவரை நான்கு முறை பார்த்துவிட்டேன். வெட்டுக்குத்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன், முடிந்ததும் திறந்துகொள்கிறேன். “உனக்குள்ள ஒரு ரவுடி ஒளிஞ்சிருக்காடி” என்று அக்கா கிண்டல் செய்கிறாள். ஏன் இப்படி?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அக்கா சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குள் ரவுடி யாரும் இல்லை என்பதற்கு உங்கள் கேள்வியே சாட்சி. ரத்தம்தான் இழுக்கிறது என்றால், அது வரும்போது எதற்குக் கண்ணை மூடுகிறீர்கள்?

இதைவிடக் கூடுதலாக அரிவாள் சுழலும் படங்கள் தமிழில் வருடந்தோறும் வருகின்றன. அவற்றை நீங்கள் நான்கு முறை பார்க்கவில்லை. ஆக, வன்முறை காரணமில்லை.

அடுத்து பலரும் சொல்வது, ‘வாழ்க்கையை அப்படியே காட்டியிருக்கிறார்கள்’ என்பது. பாதிதான் சரி. வடசென்னையின் சந்துகளும் வியர்வையும் லாட்ஜ் அறையும் நிஜம்போலவே இருக்கின்றன. ஆனால் பி.எஸ்.வினோத்தின் ஒளிப்பதிவில் எந்த அழுக்கும் தானாக வந்து சேர்ந்ததில்லை. ஒவ்வொன்றும் யோசித்துப் பூசியது. உச்சக்கட்டச் சண்டையை யுவன் சங்கர் ராஜாவின் இசையோடு நிதானமாக ஓடவிடுகிறார்கள். நிஜத்தில் யாரும் அப்படி அடித்துக்கொள்வதில்லை. வெறும் நிஜம் போதுமென்றால் செய்தித்தாளே போதும். ஒரே கொலைச் செய்தியை யாராவது நான்கு முறை படிப்பார்களா?

இந்த வகைப் படங்களை நியோ-நுவார் என்பார்கள். ‘நுவார்’ என்றால் பிரெஞ்சில் கறுப்பு. 1940களில் அமெரிக்காவில் வந்த இருண்ட குற்றப்படங்களுக்குப் பிரெஞ்சு விமர்சகர்கள் வைத்த பெயர் அது. முன்னால் ‘நியோ’ சேர்த்தால் அதன் புது அவதாரம். இருட்டும் புகையும் இவற்றின் உடுப்பு மட்டுமே. உள்ளே ஓடுவது கணக்கு. யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன தெரியாது என்கிற கணக்கு.

கார் காட்சியை நினைத்துப் பாருங்கள். தாதா சிங்கபெருமாளின் அடியாள் பசுபதியும் கூட்டாளிகளும் போய்க்கொண்டிருக்கிறார்கள். பேச்சு பெண்களைப் பற்றி, வெட்டிப்பேச்சு. அப்போது சிங்கபெருமாளிடமிருந்து போன் வருகிறது: பசுபதியை முடித்துவிடு. போன் ஸ்பீக்கரில் இருப்பதால் முடிக்கப்பட வேண்டியவனும் அதைக் கேட்டுவிடுகிறான். இந்த இடத்தில் யாரும் கத்தவில்லை, ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அந்த நொடியிலிருந்து பசுபதி யோசிக்கத் தொடங்குகிறான், நாமும் அவனோடு சேர்ந்து யோசிக்கிறோம். அவன் நல்லவனா என்று கேட்க நமக்கு நேரமில்லை.

எல்லோரும் துரத்தும் கொக்கைன் பையும் இந்தக் கணக்கில் ஓர் எண்தான். ஹிட்ச்காக் இதை ‘மெக்கஃபின்’ என்பார்; கதையில் வருகிறவர்கள் உயிரைக் கொடுத்துத் தேடும் ஒரு பொருள், பார்ப்பவருக்கோ அதற்குள் என்ன இருந்தாலும் கவலையில்லை. பையைவிட, அது யார் கையில் மாட்டுகிறது என்பதில்தான் நமக்கு அக்கறை. வாழ்ந்து கெட்ட ஜமீன், இப்போது சேவல் சண்டையை நம்பி அலையும் குடிகாரர் காளையன். கூத்துப்பட்டறையில் தேர்ந்த குரு சோமசுந்தரம் அந்த வேடத்தில் தள்ளாடும்போது சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் பிசைகிறது. அவருடைய மகன் கொடுக்காப்புளியோ அப்பாவைவிடத் தெளிவு. அப்பா மேல் அவ்வளவு பாசமா என்று கேட்டால், அதெல்லாம் இல்லை, ஆனாலும் அவர் என் அப்பா என்கிறான். அடியாட்கள் நிறைந்த படத்தில் எனக்கு நெஞ்சில் அடித்தது இந்தப் பதில்தான்.

இனி உங்கள் ‘நான்கு முறை’க்கு வருகிறேன். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) சிங்கபெருமாள், பசுபதி, சிங்கபெருமாளின் எடுபிடி சப்பை, காளையன் எல்லோரும் போடும் கணக்கும் நமக்குத் தெரியும். கணக்கை நம்மிடமும் மறைப்பவள் ஒருத்திதான்: சிங்கபெருமாள் தன் வீட்டில் அடைத்து வைத்திருக்கும் சுப்பு. அவளைப் பாவம் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறோம். கடைசியில் தன்னை நம்பிய சப்பையையும் சுட்டுவிட்டு வெளியேறுகிறாள். அதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால் அவளுடைய ஒவ்வொரு அழுகைக்கும் வேறு அர்த்தம். இரண்டாம் முறை நீங்கள் பார்த்தது வேறு படம்! ஒரே நாளில் நடந்து முடியும் கதைக்குள் இத்தனை பேரின் கணக்குகளையும் சிக்காமல் கோத்ததற்காகத்தான் பிரவீன் கே.எல். படத்தொகுப்புக்கான தேசிய விருதைப் பெற்றார் என்பேன். தியாகராஜன் குமாரராஜாவுக்கு அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது. இத்தனைக்கும், 2011 ஜூனில் வெளியானபோது தியேட்டரில் கூட்டம் சேராத படம் இது.

ஐந்தாம் முறை பார்க்கும்போது சண்டைகளுக்குக் கண்ணைத் தாராளமாக மூடிக்கொள்ளுங்கள், காதை மட்டும் மூடாதீர்கள். படத்துக்குள் எங்கெங்கோ பழைய இளையராஜா பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மகன் இசையமைத்த படத்தில் அப்பாவின் பாட்டு! அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். சுப்புவைப் பற்றி மட்டும் முன்கூட்டியே வாயைத் திறந்துவிடாதீர்கள்.