ஐட்லிங்கில் குலுங்கும் ஜீப்: ஓர் இளம் மெக்கானிக்குக் கடிதம்



ஆனைமலைப் பக்கத்துத் தோப்பிலிருந்து ஒரு பழைய மஹிந்திரா பெட்ரோல் ஜீப் பட்டறைக்கு வருகிறது. ஓட்டத்தில் குறை இல்லை. நின்றால் மட்டும் உடம்பெல்லாம் குலுங்குகிறது. சில நேரம் அணைந்தும் போகிறது. "மிஸ்ஸிங் இருக்குதுங்க" என்கிறார் வண்டிக்காரர். பல பட்டறைகளில் அடுத்த நொடியே ஸ்க்ரூடிரைவர் கார்ப்பரேட்டரின் ஐட்லிங் ஸ்க்ரூவுக்குப் போய்விடும். அரைச் சுற்று ஏற்றினால் குலுக்கம் அடங்கும், வண்டியும் கிளம்பிவிடும். கோளாறு மட்டும் உள்ளேயே இருக்கும். அந்த அரைச் சுற்றைக் கடைசிக்குத் தள்ளி வைக்கச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஐட்லிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். எஞ்சின் உறிஞ்சும் காற்று மிகக் குறைவு. அப்போது ஒரு கேஸ்கட்டின் ஓரத்தில் நூலளவு விரிசல் இருந்தாலும், அதன் வழியே நுழையும் காற்று மொத்தக் காற்றில் பெரிய பங்காகி, கலவையை நீர்த்துப்போகச் செய்யும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உள்ளே போகும் காற்று பல மடங்காகும். விரிசல் வழி வருவது கணக்கிலேயே சேராது. ரேஸ் கொடுத்ததும் மிஸ்ஸிங் மறைகிறது என்றால் காற்றுக் கசிவு, அடைத்த ஸ்லோ ஜெட், இடைவெளி இறுகிய வால்வு ஆகிய மூன்றின் மேல் சந்தேகம் போகட்டும். ரேஸிலும் தொடர்ந்தால் முதலில் பிளக், வயர், பாயிண்ட் பக்கம் போ.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கிய ஜி.டி.நாயுடு, இளவயதில் உழைத்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் படித்தவர். கோவைப் பட்டறைகளில் அவரை முன்னோடியாகச் சொல்லாதவர் குறைவு. ஆனால் அவர் பிரித்தது தம் சொந்த வண்டியை. அடுத்தவர் பிழைப்புக்கு ஓட்டும் ஜீப்பில் அந்த உரிமை நமக்கு இல்லை. ஸ்பானர் எடுக்கும் முன் அளவு எடுத்தாக வேண்டும்.

முதல் வேலை, எந்த சிலிண்டர் என்று தெரிந்துகொள்வது. சைலென்சர் முனையில் கையைக் காட்டினால் சீரான இடைவெளியில் 'புஸ்' என்று விட்டுப்போகிறதா, தாறுமாறாக விட்டுப்போகிறதா என்பது தெரியும். சீராக விட்டுப்போனால் பெரும்பாலும் ஒரே சிலிண்டர் செத்திருக்கும். ரப்பர் பிடியுள்ள குறடால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார். எதைக் கழற்றியபோது சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். கழற்றிய வயரை அந்தரத்தில் விடாதே. உதிரி பிளக்கில் மாட்டி எஞ்சின் உடம்பில் சாய்த்து வை. மின்சாரம் பாயும் வழி அடைபட்டால் காயிலுக்குக் கேடு.

அடுத்தது கம்ப்ரெஷன் கேஜ். எல்லா சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தால் அதற்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அள. ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

இனி ஜீப்புக்கே உரிய விஷயம். இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 1953-ல் அமெரிக்காவில் வந்த வில்லிஸ் சிஜே3பி, ஹரிக்கேன் என்ற உயரமான எஞ்சினை அடக்குவதற்காகவே பானட் தூக்கிக் கட்டிய வண்டி. அந்த வடிவத்தை மஹிந்திரா பல பத்தாண்டுகள் இங்கே செய்தது. 2.2 லிட்டர் கொண்ட அந்த எஞ்சினில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். மேல் மூடியைத் திறந்து நான்கு டேப்பட்டை மட்டும் சரிசெய்துவிட்டு 'முடிந்தது' என்பவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். மீதி நான்கும் பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்டேக்குக்கு 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட்டுக்கு 0.016 அங்குலம். தடதடவென்று சத்தம் போடும் டேப்பட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சத்தமே போடாததைச் சந்தேகி. வால்வு தன் இருக்கையில் தேய்ந்து இறங்க இறங்க இடைவெளி குறையும். முழுதாக மூட முடியாத எக்ஸாஸ்ட் வால்வு கருகும். அந்த மிஸ்ஸிங்கை எந்தக் கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவும் தீர்க்காது.

இன்னொன்று: அந்த எஞ்சினில் இன்டேக் வழி ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. தனி இன்டேக் மேனிஃபோல்ட் கிடையாது. காற்றுக் கசிவைத் தேடுவதானால் கார்ப்பரேட்டரின் அடிக் கேஸ்கட்டிலும் தேய்ந்த த்ராட்டில் ஷாஃப்டிலும் தேட வேண்டும். 1985-ல் அறிமுகமான மாருதி ஜிப்ஸியில் மேனிஃபோல்ட் தனி. அங்கே அதன் கேஸ்கட்டையும் பார்க்க வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்க இணைப்புகளில் பெட்ரோல் தெளிக்கும் பழக்கம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதே. பழுத்த எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் நனையாமல் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும். கசியும் இடம் ஒரு கணம் அடைபட்டு எஞ்சின் சத்தம் மாறும்.

பாயிண்ட் இடைவெளி ஹரிக்கேன் எஞ்சின் ஜீப்புக்கு 0.020 அங்குலம், பிளக்குக்கு 0.030. பாயிண்டைச் சரியாக வைத்தும் மிஸ்ஸிங் போகவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பார். புஷ் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும்.

நம் ஊர் மெக்கானிக்குக்கு மலையும் ஒரு கணக்கு. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே காற்று மெலிது. கோவையில் டியூன் செய்த கார்ப்பரேட்டர் அங்கே பெட்ரோலை அதிகம் கொடுக்கும், பிளக் கரி பிடிக்கும். வேக்குவம் கேஜும் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைத்துக் காட்டும். கோவையில் 18 அங்குலம் காட்டிய நல்ல எஞ்சின் ஊட்டியில் 12 தான் காட்டும். அதைப் பார்த்து வால்வு போச்சு என்று ஹெட்டை இறக்கினால் வண்டிக்காரருக்கு வீண் செலவு. முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எப்படி நிற்கிறது என்பதைக் கவனி. ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இறங்கினால் வால்வு. மெதுவாக அலைந்தால் கலவை. வண்டி வால்பாறையில் ஓடுகிறதா, கீழே பொள்ளாச்சியில் ஓடுகிறதா என்று கேட்காமல் டியூனிங்கைத் தொடாதே.

இப்போது பம்ப்புகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸையும் டயாஃப்ரத்தையும் கெடுக்கும். கலவையையும் சற்று நீர்க்கச் செய்யும். மாதக்கணக்கில் நிற்கும் தோட்டத்து ஜீப்பில் ஸ்லோ ஜெட் அடைவது சகஜம். அதற்குக் கம்பி விட்டுக் குத்தாமல், காற்றடித்துச் சுத்தம் செய். துளை பெரிதானால் அந்த ஜெட் குப்பைக்குத்தான்.

டீசல் ஜீப்பில் பிளக் வயர் இல்லை என்றாலும் தேடும் முறை அதேதான்: இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்திப் பார்ப்பது. விரலை மட்டும் அருகே கொண்டுபோகாதே. அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் இறங்கிவிடும். எல்லா சிலிண்டரும் சரியாக அடித்தும் வண்டி குலுங்கினால் எஞ்சின் மவுண்ட் ரப்பரைப் பார். கோளாறு எஞ்சினிலேயே இல்லாமல் இருக்கலாம்.

முதல் சம்பளத்தில் ஃபீலர் கேஜ், கம்ப்ரெஷன் கேஜ், வேக்குவம் கேஜ் மூன்றும் வாங்கு. கூடவே ஒரு நோட்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வந்தபோது காட்டிய அளவையும் போகும்போது காட்டிய அளவையும் எழுதி, அந்தப் பக்கத்தை வண்டிக்காரருக்குக் காட்டிவிட்டுப் பணம் கேள்.