வெயில் சுட்ட தோல்

“எங்கள் கறுத்தத் தோலை வெயில் என்ன செய்யும்?” என்று தோட்டக்காரர் பலர் நம்மிடம் கேட்பதுண்டு. தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் வெயிலின் கழியூதாக் கதிர்களில் ஒரு பங்கைத் தடுக்கும், முழுவதையும் தடுக்காது. வெள்ளைத் தோல் சிவப்பதுபோல நமது தோல் சிவந்து காட்டாது. பிடரியும் முதுகும் எரியும், இறுகும், பின்னர் உரியும். அதுவும் சூட்டுப் புண்ணே. தோற் புற்றுநோய் நம்மவரிடையே குறைவுதான். ஆனால் கண்ணுக்கு அந்தக் காவல் இல்லை. கண்ணில் சதை வளர்வதற்கும் வெண்படலம் விழுவதற்கும் நெடுநாள் வெயில் ஒரு காரணம்.

சொந்தக் காணியில் விடியற்புறம் வேலை செய்து, வெயில் ஏறுமுன் பூவரச நிழலுக்குத் திரும்பியவர்கள் நாம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, திருநெல்வேலி போன்ற ஊர்களின் செம்மண் தோட்டங்களில் நாட்கூலிக்கு நின்றன. கூலி வேலையில் நேரம் நம் கையில் இல்லை. மீளக் குடியேறியோருக்கும் பல காணிகளில் வேலியுமில்லை, மரமுமில்லை.

யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அக்காலத்தில் உச்சிப்பொழுது ஏறத்தாழ 12.10 மணி. மணிக்கூடு வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையானால் வெயில் கடுமையானது. மெல்லிய முகில் இருந்தாலும் கதிர் இறங்கும். காலை ஆறு மணிக்கே தொடங்கிப் பத்து மணியோடு நிறுத்தி, மிகுதியைப் பின்னேரம் செய்ய முடியுமா என்று காணிக்காரரிடம் கூட்டாகக் கேளுங்கள். தனியாகக் கேட்பவருக்கு மறுநாள் வேலை இல்லாமற் போகலாம்.

நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, விளிம்பு அகன்ற பனையோலைத் தொப்பி, பிடரியை மூடும் துவாய்: இவை போதும். நனைந்த மெல்லிய வெள்ளைத் துணி குளிர்ச்சி தரும்; கதிரை அவ்வளவாக மறைக்காது. குழந்தைகளை வரம்பில் இருத்தாமல் நிழலில் விடுங்கள்.

தோல் எரிந்தால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். பற்பசை பூசுவது சூட்டை உள்ளே அடைக்கும். அதை யார் தொடக்கினாரோ! கொப்புளத்தை உடைக்க வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மயக்கமோ, பிதற்றலோ, உடல் நெருப்பாய்க் கொதிப்பதோ கண்டால் உடலை நனைத்து விசிறியபடி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மாரி மழையோடு வேலிக்குக் கதியால் போடுவோர், மேற்குப் பக்கத்தில் நாலைந்து பூவரசங் கதியால்களைக் கூடுதலாக நடவும். பின்னேரம் ஆறியிருக்க நிழல் விழும்.