விடுமுறையில் எந்தப் பாடம்?



அல்லாஹ்வின் கிருபையால் நம் பிள்ளைகள் பலர் இன்று மின்சார எஞ்சினியரிங் படிக்கின்றனர். சுங்கை லாலாங்கிற்கு அருகில் செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் உண்டு. ஜித்ராவில் பொலிடெக்னிக்கும், நிபோங் தெபாலில் சயன்ஸ் யூனிவர்சிட்டியின் எஞ்சினியரிங் வளாகமும், பெர்லிஸில் யூனிமாப்பும் உண்டு. நீண்ட விடுமுறை வந்ததும், "குறுகிய செமஸ்டரில் ஒரு பாடம் எடுக்கட்டுமா, அத்தா?" என்று பிள்ளை கேட்கிறான். நாமோ, "கடைக்கு ஆளில்லை, வந்து கல்லாவில் உட்கார்" என்கிறோம்.

இப்படிச் சொல்லி நாமே நஷ்டப்பட்டோம். நம் மகன் முதல் வருஷக் கணிதத்தில் தவறிவிட்டான். அந்த விடுமுறையில் அதே பாடம் நடந்தது. நம் கடை ஆள் ஊருக்குப் போயிருந்ததால் மகனை வரவழைத்துக் கொண்டோம். மறு வருஷம், அந்தக் கணிதத்தில் தேறாதவன் எடுக்க முடியாத பாடமொன்று வந்தது. அது வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். படிப்பு ஒரு வருஷம் நீண்டது. மிஞ்சியது சில வாரக் கூலி. கூடியது ஒரு வருஷச் செலவு. பிழை நம்முடையது.

நாம் எஞ்சினியர் அல்லர். ஆயினும் பிறகு விசாரித்து அறிந்ததைச் சகோதரர்களுக்குச் சொல்லுகிறோம்.

முதலாவது: இந்தப் படிப்பில் பாடங்கள் சங்கிலியைப் போன்றவை. கால்குலஸ் கணிதம் இல்லாமல் சர்க்கியூட் பாடம் விளங்காது. சர்க்கியூட் விளங்காமல் மோட்டார், டிரான்ஸ்பார்மர், பவர் சிஸ்டம் ஆகியவற்றைத் தொட முடியாது. ஆகவே தவறிய பாடம் இருந்தால் முதலில் அதையே எடுக்க வேண்டும். பல பாடங்களுக்கு வாசலாக நிற்கும் பாடத்துக்கு முதலிடம். பாக்கி எதுவும் இல்லாதவன் பொதுப் பாடம் ஒன்றை எடுத்து, அடுத்த செமஸ்டரின் சுமையைக் குறைத்துக் கொள்ளலாம்.

இரண்டாவது: கணக்குப் பார்க்க வேண்டும். எம்.கியூ.ஏ. எனும் தகுதி நிர்ணய முகமையின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து 40 மணி நேர உழைப்பு. 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. 14 வாரத்தில் படித்தால் வாரம் சுமார் 9 மணி; 7 வாரத்தில் படித்தால் 17 மணி. கணிதமும் சர்க்கியூட்டும் சேர்ந்தால் வாரம் 34 மணியாகும். கடையையும் பார்த்துக்கொண்டு இதைச் செய் என்பது நியாயமா? கடினமான பாடம் ஒன்றே போதும்.

மூன்றாவது: எஞ்சினியரிங் பட்டத்துக்குத் தொழிற்பயிற்சி கட்டாயம். அதற்கும் பல வாரங்கள் தொடர்ச்சியாக வேண்டும். 1996-ல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பார்க் நமக்கு அண்மையில் இருப்பது பெரிய வசதி. பயிற்சிக்குக் குறித்த விடுமுறையில் வேறு பாடம் எடுத்தால் இரண்டும் கெடும்.

நான்காவது: பணம் கட்டுமுன் பிள்ளையைத் தன் ஆலோசக ஆசிரியரிடம் அனுப்புங்கள். அந்தப் பாடம் இந்த விடுமுறையில் உண்மையாகவே நடக்கிறதா, பட்டக் கணக்கில் சேருமா என்று கேட்கட்டும். வேறு கல்லூரியில் எடுப்பதாயின், கிரெடிட்டை ஏற்றுக்கொள்வதாக எழுத்து மூலம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பில் இல்லாமல் நாம் சரக்கு எடுப்பதில்லை அல்லவா?

சகோதரர்களே! எது ஓடும், எது தேங்கும் என்று பார்த்தே நாம் கொள்முதல் செய்கிறோம். பிள்ளையின் விடுமுறையையும் அவ்வாறே பாருங்கள். எடுக்க வேண்டிய பாடம் எதுவும் இல்லையென்றால் தாராளமாகக் கடைக்கு வரட்டும். வியாபாரமும் ஒரு கல்வியே. பாடம் இருந்தால் அவனை விட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஓர் ஆள் வைத்துக் கொள்ளலாம். போன வருஷத்தைத் திருப்பி வாங்க முடியாது.

வல்ல நாயன் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.