தொப்புளில் குத்தியாச்சா? எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வையுங்கள்

நாகர்கோவிலில் கல்லூரி இறுதியாண்டு படிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் அக்காவைப் பார்க்கப் போன இடத்தில் தொப்புளில் பியர்சிங் செய்துகொண்டேன். பத்து நாளாகிறது. சுற்றிலும் லேசாகச் சிவந்திருக்கிறது. காலையில் பார்த்தால் கம்பியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கிறது. ஆச்சி மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போடச் சொல்கிறார். தோழி டெட்டால் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். பத்தாம் நாளில் லேசான சிவப்பு, தொட்டால் வலி, கொஞ்சம் வீக்கம், அரிப்பு எல்லாம் இருக்கத்தான் செய்யும். மாநிறத் தோலில் சிவப்பு சிவப்பாகவே தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதா படர்ந்த மாதிரியோ தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்த வெள்ளைப் பொருக்கு சீழ் அல்ல. புண் ஆறும்போது உடம்பு கசிய விடுகிற நிணநீர் காய்ந்து அப்படி ஒட்டிக்கொள்கிறது. அதை நகத்தால் பெயர்க்காமல் இருந்தாலே பாதி வைத்தியம் முடிந்தது.

ஆச்சியைக் குறை சொல்ல மாட்டேன். மூக்குத்திக்குப் பேர்போன அம்மன் குடியிருக்கிற மாவட்டம் இது. பாம்படம் தொங்கிய காதுகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவருடையது. காது குத்தி, துளையைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பெரிதாக்கி, தோளில் இடிக்கிற அளவுக்கு வளர்த்தெடுத்த பெண்களுக்குத் துளையைப் பற்றி நாம் பாடம் எடுக்க முடியாது. ஆனால் அந்த அறிவு முழுக்கக் காது மடலுக்குரியது. மடல் காற்றாடத் தொங்குகிற சதை. மடங்காது, துணி உரசாது, ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். தொப்புளோ உட்கார்ந்தால் மடங்கும், குனிந்தால் நசுங்கும், வேர்வை தேங்கும், நாள் முழுக்க நாடா முடிச்சு அதன் மேலேயே கிடக்கும். அதனால் ஆற ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். குத்தியவர் ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் அதை நம்பிக் காரியம் செய்யாதீர்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். துளை இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி ஆறிக்கொண்டு வரும். இரண்டாம் மாதம் வெளியே பார்க்க அழகாக ஆறியிருக்கும், வலியும் இருக்காது. உள்ளே இன்னும் பச்சைப் புண். அந்த நேரத்தில்தான் கல்யாண வீட்டுக்குப் போகத் தொங்கட்டான் வைத்த வளையத்தை மாட்டுவது, முட்டத்தில் கடலில் இறங்குவது எல்லாம் நடக்கும்.

இனி எண்ணெய். இரவில் படுக்கும் முன் தொப்புளில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது நம் வீடுகளில் இன்றும் இருக்கிற பழக்கம். சூட்டுக்கு விளக்கெண்ணெய், சருமத்துக்குத் தேங்காய் எண்ணெய் என்று ஆளுக்கொரு கணக்கு. புதுப் புண் இருக்கும்வரை அதை அடியோடு நிறுத்துங்கள். எண்ணெய் துளையின் வாயை அடைத்து, கசிவு வெளியேற விடாமல், தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் தலையிலிருந்து வழிவதும் அங்கேதான் வந்து நிற்கும். ஆகவே முதல் சில மாதம் தலைக்கு மட்டும் அளவாக வைத்துக் குனிந்து அலசிக்கொள்ளுங்கள். மஞ்சள்தூள் கிருமி நீக்கிய பொருள் அல்ல. அதன் துகள் துளைக்குள் போனால் எடுப்பதும் கடினம். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் எதையும் தடவாமல் சுத்தமாக உலர விடுங்கள் என்றுதான் இன்று ஆஸ்பத்திரிகளில் தாய்மாரிடம் சொல்கிறார்கள். சுட்ட வசம்பையும் சாம்பலையும் விலக்கி வைத்த அதே காரணம் இருபது வயதுத் தொப்புளுக்கும் பொருந்தும்.

டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, பெட்டாடின் எல்லாம் கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கிற தோலையும் தாக்கும். நியோஸ்போரின் பவுடர் நம்மூரில் எந்தப் புண்ணுக்கும் தூவப்படுகிறது. இங்கே அது ஈரத்தில் கட்டிதட்டித் துளையை மூடும். அதில் இருக்கிற நியோமைசின் பலருக்குத் தோல் ஒவ்வாமை தரக்கூடியதும்கூட.

அப்படியானால் எதைப் போடுவது? உப்புத் தண்ணீர் மட்டும். மெடிக்கல் ஷாப்பில் நார்மல் சலைன் 100 மில்லி பாட்டில் கிடைக்கும். ‘குளுக்கோஸ் பாட்டில்’ என்று கேட்டுவிடாதீர்கள். டிரிப் பாட்டில் எல்லாவற்றுக்கும் நம்மூரில் அந்தப் பெயர்தான். லேபிளில் சோடியம் குளோரைடு 0.9% என்று மட்டும் இருக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் என்ற சொல் இருந்தால் அதில் சர்க்கரை இருக்கிறது, புண்ணில் விடக் கூடாது. மூக்கில் விடுகிற சலைன் சொட்டு மருந்தும் வேண்டாம், அதில் கெடாமலிருக்க வேறு பொருள் சேர்த்திருப்பார்கள். திறந்த பாட்டிலை அன்றோடு கொட்டிவிடுங்கள்.

கடைக்குப் போக முடியாத நாளில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 250 மில்லி தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, தலைதட்டிய கால் டீஸ்பூன் உப்பைப் போட்டுக் கரைத்து, மூடி வைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பயன்படுத்துங்கள். உப்பு கூடினால் சீக்கிரம் ஆறும் என்று நினைக்காதீர்கள். கூடுதல் உப்பு தோலை உலர்த்தி வெடிக்க வைக்கும். ‘கடல் தண்ணிதானே, புண்ணுக்கு நல்லதுதான்’ என்று கடற்கரை ஊர்களில் சொல்வார்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, சலைனில் 9 கிராம். உப்பைத் தவிரக் கடலில் உயிரோடிருக்கிற கிருமிகள் வேறு.

கழுவும் முறை பெரிய காரியமல்ல. சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், நகத்துக்கடியையும் சேர்த்து. மல்லாந்து படுத்துக்கொண்டு, சலைனில் நனைத்த காஸ் துணியை மேலும் கீழும் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள். பொருக்கு ஊறித் தானே கழன்று வரும், வராததை விட்டுவிடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழை கம்பியில் சுற்றிக்கொள்ளும். பிறகு இன்னொரு உலர்ந்த காஸ் துணியால் ஒற்றியெடுங்கள். குளித்த துண்டால் துடைக்காதீர்கள், அதன் நூல் கொக்கி போல மாட்டி இழுத்துவிடும். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை. மூன்றாவது முறை செய்தால் நன்மை கூடாது, எரிச்சல்தான் கூடும். காதுக் கம்பியைத் திருகிவிடச் சொல்லும் பழக்கத்தை இங்கே காட்டாதீர்கள். ஒவ்வொரு திருகலிலும் உள்ளே புதிதாகப் படிந்த தோல் கிழியும்.

நம் ஊர்க் காற்று இதற்கு உதவாது. ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, நடுவில் புழுக்கம். கழுவியதைவிட உலர்த்தியதுதான் முக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் கொடியில் பாதி காய்ந்த உள்பாவாடையை அப்படியே உடுத்தாமல் இஸ்திரி போட்டு உடுத்துங்கள். நாடாவைத் தொப்புளுக்கு நேரே முடிச்சுப் போடாமல் இடுப்பின் பக்கவாட்டில், இரண்டு விரல் கீழே கட்டுங்கள். சேலையின் கொசுவம் செருகுவதும் அதே இடத்தில்தான் என்பதால் முதல் இரண்டு மூன்று மாதம் தளர்வான பருத்திச் சுடிதாரே நல்லது. பஸ் நெரிசலில் போகிற நாளுக்கு ஒரு வழி இருக்கிறது. கண் ஆபரேஷன் முடிந்தவர்களுக்குப் போடுகிற, துளை துளையாக இருக்கும் பிளாஸ்டிக் மூடியை வாங்கி, தொப்புளுக்கு மேல் வைத்து, மெல்லிய எலாஸ்டிக் பட்டையால் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். காற்றும் போகும், இடியும் படாது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். கவிழ்ந்து படுக்கிறவர்களுக்குச் சில வாரம் தூக்கம் கெடும், வேறு வழியில்லை.

குளத்தில் இறங்கக் கூடாது என்று ஊர்ப்பெயரிலேயே குளம் இருக்கிற மாவட்டத்தில் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான். ஆனாலும் சொல்கிறேன். குளம், ஆறு, நீச்சல் குளம், சொத்தவிளை, சங்குத்துறைக் கடற்கரைகள் எதுவும் முதல் மூன்று மாதம் வேண்டவே வேண்டாம். திற்பரப்பு அருவி ஓடுகிற தண்ணீர்தானே என்பார்கள். கோதையாறு எத்தனை ஊரைத் தொட்டு வருகிறது என்று பாருங்கள், தவிர அருவியின் அடி கம்பியின் மேல் நேராக விழும். பிறகும் இறங்கியே ஆக வேண்டுமென்றால் நீர் புகாத ஒட்டுப்பட்டை போட்டு இறங்கி, ஏறியதும் பிரித்துச் சலைனில் அலசி உலர்த்துங்கள்.

போட்டிருக்கிற கம்பி என்ன உலோகம் என்று குத்திய இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடம்புக்குள் பொருத்துகிற தர டைட்டானியம் (எஃப்136 என்று குறிப்பிடுவார்கள்) என்றால் கவலையில்லை. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்பதில் நிக்கல் உண்டு. கவரிங் தோடு போட்டால் காது ஊறுகிற ஆள் நீங்கள் என்றால் தொப்புளும் ஊறும். கசிவைவிட அரிப்பு மிகுந்து, சுற்றிலும் பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்தால் கிருமித் தொற்று என்று முடிவு கட்டும் முன் உலோகத்தைச் சந்தேகியுங்கள்.

டாக்டரிடம் எப்போது போவது? நாளாக ஆக வலி குறைய வேண்டியதற்குப் பதில் கூடினால், சிவப்பும் சூடும் தொப்புளைத் தாண்டிப் பரவினால், பச்சையாகவோ மஞ்சளாகவோ கெட்டியாக நாற்றமடிக்கும் சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதைக் காட்டக் கூச்சப்பட வேண்டியதில்லை, அங்கே பார்க்காத புண் இல்லை. மெடிக்கலில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டிலிருக்காதீர்கள். பயத்தில் கம்பியை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம். துளை வெளியே மூடிக்கொண்டு சீழ் உள்ளே சிறைப்பட்டால் கட்டியாகிவிடும். கழற்றுவதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

தொற்றே இல்லாமலும் உடம்பு கம்பியை வெளியே தள்ளுவதுண்டு. இரண்டு துளைக்கும் நடுவிலுள்ள தோல் வாரத்துக்கு வாரம் மெலிந்து, உள்ளேயிருக்கும் கம்பி நிழலாகத் தெரிய ஆரம்பித்தால் அதுதான். அதை எந்தச் சலைனும் நிறுத்தாது. தோல் அறுந்து பெரிய தழும்பாகும் முன் குத்தியவரிடமோ டாக்டரிடமோ காட்டிக் கழற்றிவிடுவது நல்லது. தோளில் பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்போ காது குத்திய இடமோ முன்பே தடித்துப் புடைத்து வளர்ந்திருந்தால் உங்கள் உடம்புக்குக் கீலாய்டு வாகு இருக்கலாம். இதைக் குத்தும் முன்பே யோசித்திருக்க வேண்டும், இப்போது கண்காணித்தால் போதும்.

இன்னும் குத்தாமல், தங்கை போட்டதைப் பார்த்து ஆசைப்படும் அக்காமாருக்குச் சில வார்த்தை. தொப்புள் வெளியே துருத்தியிருந்தால் குடலிறக்கம் இருக்கலாம், முதலில் அதைக் காட்டுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், அடுத்த வருஷம் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் தள்ளிப்போடுங்கள். காதுக்கு அடிக்கிற துப்பாக்கியால் தொப்புளில் குத்த முன்வரும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அதை முழுதாக ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்க முடியாது. உறை பிரிக்காத ஒருமுறை ஊசி உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும், ஏனென்றால் மஞ்சள்காமாலை பி, சி, எச்ஐவி மூன்றும் ஊசி வழியே வரக்கூடியவை. பள்ளியில் 16 வயதில் போட்ட டி.டி. தடுப்பூசிக்குப் பிறகு பத்து வருஷம் தாண்டியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். குத்திய பின் ஓராண்டு ரத்ததானம் செய்ய முடியாது. கல்லூரி முகாமில் படிவம் நிரப்பும்போது இதை மறைக்காதீர்கள்.

கடைசியாகத் தங்கம். நம் வீட்டில் யாராவது ‘ஒரு தங்கத்துல போட்டா சரியாயிடும்’ என்று சொல்லாமல் இருக்க மாட்டார்கள். 916 தங்கம் மிருது, எளிதில் கீறல் விழும். ஓயாமல் அசைகிற பச்சைத் துளையில் அந்தக் கீறல் உரசிக்கொண்டேயிருக்கும். ஓராண்டு போகட்டும். புவிசார் குறியீடு பெற்ற கோயில் நகை செய்கிற ஆசாரிமார் வடசேரியிலேயே இருக்கிறார்கள், சிவப்புக் கல் பதித்துக் கேட்டால் செய்து தருவார்கள். அளவு சொல்லும்போது கம்பியின் கனம் 1.6 மில்லிமீட்டர் என்பதையும், இப்போது போட்டிருப்பதன் நீளத்தையும் வளைவையும் காட்டிச் சொல்லுங்கள். கல் மேல் உருண்டையில் மட்டும் இருக்கட்டும், கனமான தொங்கல் வேண்டாம். துளைக்குள் போகிற பாகத்தில் திருகின் மரை வெளியே தெரியாதபடி வழவழப்பாக இருக்க வேண்டும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதிது வரும்வரை வெறுமனே விடாதீர்கள். ஓராண்டு ஆறிய தொப்புள் துளைகூடச் சிலருக்குச் சில மணி நேரத்தில் சுருங்கிவிடும்.