பார்க்கிங் உண்டு, கார் இல்லை

எங்கள் வீட்டுப் பத்திரத்தில் ஒரு கார் பார்க்கிங்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. கார்தான் இல்லை. பணம் பற்றவில்லை போலிருக்கிறது என்று சொந்தக்காரர்களில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். மீதிப்பேர், கஞ்சன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஒரு பொருளை வாங்கினால் ஏன் வாங்கினாய் என்று எவரும் கேட்பதில்லை. இனிப்பு எங்கே என்றுதான் கேட்பார்கள். வாங்காமல் இருப்பதற்குத்தான் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். வீட்டுக் கடன் அடைந்துவிட்டது. நங்கநல்லூரில் எங்கள் தெருவிலிருந்து மெட்ரோ ஸ்டேஷன் நடக்கிற தூரம். அவளுக்குக் கிண்டி, எனக்கு ஆயிரம் விளக்கு. இரண்டும் ஒரே தடத்தில் இருக்கின்றன. மகள் பதினொன்றாம் வகுப்பு, சைக்கிளில் போகிறாள். இந்த நிலையில் கார் வாங்கினால் அது வாரத்தில் ஐந்து நாள் கவர் போர்த்திக்கொண்டு கீழே நிற்கும். எப்படி நிற்கும் என்பதையும் தினமும் பார்க்கிறேன், ஏனென்றால் எங்கள் இடத்துக்குப் பக்கத்து இடத்தில் அப்படி ஒன்று நிற்கிறது.

மேல்வீட்டு சாருடைய கார் அது. ஞாயிற்றுக்கிழமை காலை லுங்கியோடு இறங்கி வருவார், கவரை உருவி மடிப்பார், பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்து பார்ப்பார். எலி. ஒருமுறை வயரைக் கடித்துவிட்டதில் வண்டியை இழுத்துக்கொண்டு போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் புகையிலைத் துண்டுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். போன வாரத்துப் புகையிலையை எடுத்துப்போட்டுப் புதிதாகக் கட்டுவார். பிறகு பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக ஆஞ்சநேயர் கோயில் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வருவார். கோயிலுக்கு நடந்தால் பத்து நிமிஷம். மனிதர் சந்தோஷமாகத்தான் செய்கிறார், அதைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை வேண்டும், அவ்வளவுதான்.

மழைக்காலம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அடுத்த ஆண்டு அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோதும், வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறினால் மனிதர்கள் மாடிக்குப் போய்விடலாம். காருக்கு மேம்பாலம்தான் கதி.

கணக்குக்கு வருகிறேன். ஒன்பது லட்ச ரூபாய்க் கார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள்கால வரி 13 சதவீதம். 1,17,000 ரூபாய். அடுத்தது தேய்மானம். காப்பீட்டு நிறுவனங்கள் காரின் மதிப்பைப் போட ஓர் அட்டவணை வைத்திருக்கின்றன: ஒரு வருடம் தாண்டினால் 20 சதவீதம் கழிவு, இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50. விற்கும்போது இதைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ கிடைக்கலாம், ஆனால் மனக்கணக்குக்கு இது போதும். ஐந்து வருடத்தில் நாலரை லட்சம் கரைந்துவிடுகிறது. வரியையும் சேர்த்தால் 5,67,000. அறுபது மாதத்துக்கு வகுத்தால் மாதம் 9,450. பெட்ரோல் போடாமல், சர்வீஸ் விடாமல், இன்சூரன்ஸ் கட்டாமல், காலையில் துடைக்கிற தம்பிக்குச் சம்பளம் கொடுக்காமல், வண்டி சும்மா நிற்பதற்கான செலவு இது. கடனில் வாங்கினால் வட்டி தனி.

இந்த 9,450 யார் கண்ணிலும் படாது என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். கார் வைத்திருப்பவர் தாம்பரம் போய்வந்தால் பெட்ரோல் இருநூறு ரூபாய் என்றுதான் சொல்வார். டாக்ஸி பிடிக்கிறவனுக்கோ ஒவ்வொரு முறையும் இறங்கும்போது கையிலிருந்து காசு போகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வலிக்கிறது. அந்த வலிக்குப் பயந்து டாக்ஸியையும் தவிர்த்தால், அங்கேதான் கஞ்சத்தனம் தொடங்குகிறது. காரும் வாங்காமல், அடைமழையில் மனைவியையும் மகளையும் பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவைப்பவரைச் சிக்கனக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்காத பொருள் செய்திருக்க வேண்டிய வேலையை வேறு எதையாவது வைத்துத் தாராளமாகச் செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் வீட்டில் இருப்பவர்கள் உங்கள் கொள்கைக்குத் தண்டம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அதற்கு நாங்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. சம்பளம் வருகிற அன்றே 9,500 ரூபாய் ஒரு தனி சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போய்விடும். வீட்டில் அதற்குக் கார் கணக்கு என்று பெயர். ஆட்டோ, டாக்ஸி, ஏற்காட்டுக்கு டிரைவரோடு எடுக்கிற வாடகைக் கார், கும்பகோணம் போக உழவன் எக்ஸ்பிரஸில் ஏசி டிக்கெட் எல்லாம் அதிலிருந்துதான். அந்தக் கணக்கிலிருந்து செலவு செய்ய யாரும் யாரையும் கேட்க வேண்டாம் என்பது விதி. மகள் சிநேகிதி வீட்டிலிருந்து ராத்திரி எட்டரைக்கு டாக்ஸியில் வந்தால் எவ்வளவு ஆச்சு என்று நான் வாயைத் திறக்கக் கூடாது. மிச்சம் ஆகிறது. ஆகாத மாதமும் உண்டு. காலியாகக் கிடந்த பார்க்கிங்கை, இரண்டு கார் வைத்திருக்கும் எதிர் ஃபிளாட்டுக்காரருக்கு வாடகைக்கு விட்டோம். அந்தப் பணமும் இதில்தான் சேர்கிறது.

இந்தத் தனிக் கணக்கு ரொம்ப முக்கியம் என்று அனுபவத்தில் சொல்வேன். வாங்காமல் விட்ட பொருளின் விலை தானாக எங்கேயும் சேர்ந்துவிடாது. நல்ல டீ, நாலு சட்டை, ஆன்லைனில் வந்த ஏதோ ஒரு மிக்ஸி என்று அது பாட்டுக்குக் கரையும். வருடக் கடைசியில் காரும் இருக்காது, பணமும் இருக்காது.

மழை நாளில் டாக்ஸி கிடைக்காது என்பது உண்மை. புக் செய்தால் கேன்சல் ஆகும், கேன்சல் ஆகாவிட்டால் கட்டணம் இரண்டு மடங்காகும். தெருமுனை ஸ்டாண்டில் இரண்டு ஆட்டோக்கார அண்ணன்களின் நம்பர் வைத்திருக்கிறோம். பேரம் பேசுவதில்லை, தீபாவளிக்கு இனிப்பும் காசும் கொடுக்கிறோம். ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் "இரு சார், சட்டையை மாட்டிக்கிட்டு வந்துடறேன்" என்பார்கள்.

நகை விஷயத்தில் முடிவெடுத்தது என் மனைவி. அட்சய திருதியை நெருங்கினாலே மாமியார் போன் பண்ணிவிடுவார்: "பொண்ணு இருக்கிற வீடு. வருஷத்துக்கு ரெண்டு பவுனாவது சேர்க்க வேண்டாமா?" ஒருமுறை தி.நகரில் ஒரு கடைக்குப் போய், மூன்று பவுன் சங்கிலி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பில் போடச் சொன்னாள். மூன்று பவுன் என்றால் 24 கிராம். சேதாரம் 14 சதவீதம் என்றார்கள், அது 3.36 கிராம். ஆக 27.36 கிராமுக்குக் காசு, அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. பேப்பரைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் ரூபாயை விட்டுவிட்டுக் கிராமிலேயே எழுதிப் பார்த்தாள். 28 கிராமுக்கு மேல் பணம் கொடுத்து 24 கிராம் கழுத்தில் போட்டுக்கொண்டு வருகிறோம். அரைப் பவுன் கடையிலேயே நின்றுவிடுகிறது. விற்கப் போனால் அந்தச் சேதாரத்தை எவரும் திருப்பித் தருவதில்லை. கல் வைத்த நகையாக இருந்தால் கல்லின் எடையும் கழியும்.

"போட்டுக்கறதுக்கு நகை வாங்கலாங்க. லாக்கர்ல வைக்கறதுக்கு எதுக்கு டிசைன்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த லாக்கரும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை: தீப்பிடித்தாலோ திருடு போனாலோ, ஊழியரே மோசடி செய்தாலோ, வங்கியின் பொறுப்பு அந்த லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். 2022 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி அது. உள்ளே என்ன இருக்கிறது என்பதே வங்கிக்குத் தெரியாது.

தங்கமே வேண்டாம் என்று இல்லை. மகளுக்காக மாதாமாதம் தங்க ஈடிஎஃப் யூனிட்கள் வாங்குகிறோம். வருடத்துக்கு இரண்டரை சதவீத வட்டியும் தந்த அரசின் தங்கப் பத்திரம் இன்னும் நன்றாக இருந்தது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடவில்லை. "பேப்பர்ல இருக்கிற தங்கத்தைக் கழுத்துல போட முடியுமாடி?" என்று மாமியார் இன்றைக்கும் கேட்கிறார். அவர் கட்சியிலும் நியாயம் உண்டு. அவசரத்துக்கு நகையை எடுத்துக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்தில் அடகுப் பணம் கையில் இருக்கும். அவருடைய தலைமுறைக்கு மருத்துவக் காப்பீடு என்று ஒன்று கிடையாது, கழுத்துச் சங்கிலிதான் அந்த வேலையைப் பார்த்தது. அதனால் அவர் போட்ட நகையில் நாங்கள் கை வைப்பதில்லை, அவரோடு வாதாடுவதும் இல்லை.

மனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கல்பட்டு தாண்டி அரை கிரவுண்டாவது வாங்கிப் போடு என்று அலுவலகத்தில் சொல்லாதவர்கள் இல்லை. வாங்கலாம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக மதிப்பில் 9 சதவீதம் முதல் நாளே போய்விடும். அதற்குப் பிறகும் பட்டா மாற்ற வேண்டும், கல் நட்டு வேலி போட வேண்டும், அவ்வப்போது வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும், நம் கல்லை எவராவது நகர்த்தி நட்டிருக்கிறார்களா என்று நேரில் போயும் பார்க்க வேண்டும். என் நண்பர் ஒருவர் இந்தப் பார்வையிடலுக்காகவே கார் வாங்கினார்.

போன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரியை மாற்றினால் பழைய போன் நன்றாகவே ஓடுகிறது.

செலவுக்கு அஞ்சாத இடங்களும் எங்களுக்கு உண்டு. படுக்கிற மெத்தையில் காசு பார்க்கவில்லை. பல் வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதில்லை. மருத்துவக் காப்பீட்டை எங்கள் வருமானத்துக்கு எவ்வளவு பெரிதாக எடுக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக எடுத்திருக்கிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குத் தெருவில் மற்றவர்கள் கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறோம். தினமும் தொடுகிற பொருளா, தினமும் உடம்பில் படுகிற விஷயமா என்று பார்ப்பேன். ஆம் என்றால் விலையைப் பார்த்துத் தயங்குவதில்லை. வருடத்துக்கு நாலு நாள் தேவைப்படுவதென்றால் முதலில் வாடகைக்குத்தான்.

இனி, சொந்தக்காரர்களைச் சமாளிப்பது. கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா இலைக்கு எதிரே நின்று கேட்டார்: "என்னடா, இன்னமும் ரயில்லதானா? ஒரு காரு வாங்கறதுக்கு என்னடா உனக்கு?" இந்த மாதிரி நேரத்தில் தேய்மான அட்டவணையை எடுக்கவே கூடாது. கேட்பவர் போன மாதம்தான் கார் எடுத்திருப்பார். நம் கணக்கு அவருக்கு, நீ ஒரு மடையன் என்று சொல்வதாகத்தான் கேட்கும். காரணத்தை அடுக்கினாலும் ஒவ்வொன்றுக்கும் மறுப்பு வரும், ரசம் வருவதற்குள் ஒரு பட்டிமன்றமே நடந்து முடியும். ஒரே ஒரு காரணம், அதுவும் சின்னதாக: "மெட்ரோ வாசல்லயே இருக்கு சித்தப்பா." அதற்கும் அடங்காவிட்டால், "பார்க்கலாம் சித்தப்பா." நம் ஊரில் இந்த ஒரு சொல்லுக்கு மேல் எவரும் வற்புறுத்துவதில்லை. இதோடு சேர்ந்த இன்னொரு கட்டுப்பாடும் எனக்கு உண்டு: மற்றவர் புதிதாக எதையாவது வாங்கினால் என்ன விலை, எவ்வளவு மைலேஜ் என்று குடையாமல், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொடுக்கிற லட்டைச் சாப்பிடுவது.

வீட்டுக்குள் மட்டும் "பார்க்கலாம்" செல்லாது. மகளுக்குக் கணக்கு முழுவதையும் காட்டியிருக்கிறோம். அவளுடைய வாதம் வேறு: "டிரைவிங் தெரியாமப் போயிடும்ப்பா." நியாயம்தான். பதினெட்டு முடிந்ததும் டிரைவிங் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் எடுப்பதாக ஒப்பந்தம். செலவு கார் கணக்கில்.

என்றைக்குமே வாங்க மாட்டேன் என்று சபதம் எதுவும் போடவில்லை. ஊரில் அம்மா இன்னும் தனியாகவே நடமாடுகிறார். அவர் எங்களோடு வந்து, மருத்துவமனைக்கு அடிக்கடி அலைய வேண்டிய நிலை வந்தால், அந்த வாரமே கார் வாங்குவோம். மூன்று வருடம் ஓடிய வண்டியாகத்தான் பார்ப்பேன்; முதல் 30 சதவீத இறக்கத்தை அதற்குள் வேறொருவர் தாங்கியிருப்பார். அம்மா குனியாமல் ஏறி உட்காருகிற உயரத்தில் சீட் இருக்க வேண்டும், பின்கதவு அகலமாகத் திறக்க வேண்டும். எதிர் ஃபிளாட்டுக்காரரிடமும் அப்போதே சொல்லிவிட்டேன், ஒரு மாத நோட்டீஸில் இடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருக்கும் என்று.