இமயத்தில் ஏற... இரண்டு நாள் பொறு!



பைனல் இயர் வந்தாலே "டூர் எங்கடா?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எல்லாம் பார்த்தாச்சு, இனி இமயமலைதான் என்று ஒரு கோஷ்டி கிளம்பும். கிளம்புங்கள், தப்பே இல்லை! சுமார் 2,400 கி.மீ. நீளமுள்ள மலைத்தொடர் அது. உலகில் 8,000 மீட்டரைத் தாண்டிய 14 சிகரங்களும் இமயத்திலும் அதை ஒட்டிய காரகோரத்திலும்தான் உள்ளன.

அங்கே போய் என்ன செய்யலாம்? ரிஷிகேஷில் கங்கையில் ரப்பர் படகு விடலாம். பீர்-பில்லிங்கில் சுமார் 2,400 மீட்டரிலிருந்து பாராகிளைடரில் குதிக்கலாம். 2015-இல் உலகக் கோப்பைப் போட்டியே அங்கே நடந்தது. குளிர்காலத்தில் ஆலியில் பனிச்சறுக்கு. முறையாக மலையேறக் கற்க வேண்டுமா? டார்ஜிலிங்கில் 1954-லும் உத்தரகாசியில் 1965-லும் தொடங்கிய பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பேசிக் கோர்ஸ் ஏறக்குறைய நாலு வாரம்.

இவையெல்லாம் பெரும்பாலும் 3,000 மீட்டருக்குள் அடங்கும், அல்லது பயிற்சியாளர் கண்காணிப்பில் நடக்கும். நம் பசங்களை மாட்டிவிடுவது வேறொன்று: மணாலியிலிருந்து லே போகும் ரோடு.

"மேலே காத்துல ஆக்ஸிஜன் கம்மிடா" என்று எல்லாரும் சொல்வோம். பாதிதான் சரி. அங்கேயும் காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 760 மி.மீ. பாதரசம் என்று லேபில் படித்தோமே, அது லே நகரில் (3,500 மீட்டர்) 500-க்குக் கீழே போய்விடும். தண்ணீர் 88 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ஒரு மூச்சுக்கு நமக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு அதற்குப் பழகும், ஆனால் அதற்கு நாள் வேண்டும்.

2022-இல் என் அண்ணனும் நண்பர்களும் மணாலியில் வேன் பிடித்தார்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர். 2020-இல் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கப் பாதை ரோதாங் கணவாயைச் சுற்றும் வேலையை மிச்சமாக்கிவிட்டது. (சிவில் நண்பர்கள் அவசியம் பார்க்க வேண்டிய வேலை!) பொழுது சாய்வதற்குள் சர்ச்சு வந்தாச்சு. டெண்ட்டில் படுக்கை. உயரம் 4,290 மீட்டர். ஒரே பகலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மீட்டர் ஏறி, அங்கேயே தூக்கம்!

"நான் கபடி பிளேயர்டா, எனக்கு என்ன ஆகும்?" என்றவன்தான் முதலில் விழுந்தான். மண்டையைப் பிளக்கும் வலி, வாந்தி, தூக்கமில்லை. கூட வந்த ஒருவன் கற்பூரத்தை மூக்கில் காட்டினான். கற்பூரம் மூக்கைத் திறக்கலாம், மலையின் காற்றழுத்தத்தைக் கூட்டாது. உடற்கட்டும் இதற்கு உதவாது. பலசாலி வேகமாக ஏறுவதால் சீக்கிரமே மாட்டிக்கொள்வதும் உண்டு.

சரி, கீழே இறக்கலாம் என்றால் அங்கேதான் சிக்கல். சர்ச்சுவுக்கு மணாலிப் பக்கம் பாராலாச்சா கணவாய், 4,890 மீட்டர். லே பக்கம் லாச்சுலுங் கணவாய், 5,000-க்கும் மேல். எந்தப் பக்கம் இறங்கினாலும் முதலில் ஏறியாக வேண்டும்! டிரைவர் விடிவதற்கு முன்பே வண்டியைத் திருப்பி, பாராலாச்சாவை நிற்காமல் தாண்டி, சுமார் 3,100 மீட்டரில் உள்ள கேலாங்குக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மதியத்துக்குள் அண்ணன் எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்டான். தலைவலியோடு நின்றதால் பிழைத்தான் என்றே சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குடித்தவன் மாதிரி நடை தடுமாறினால் மூளை வீங்கியிருக்கலாம். இரண்டும் ஆளைக் கொன்றுவிடும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அப்போதே இறக்க வேண்டும்.

மலையேறுபவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு இது: 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வு. பகலில் எவ்வளவு ஏறினாலும் இரவுக்குக் கீழே வந்துவிட்டால் நல்லது. மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். டயமாக்ஸ் மாத்திரை உண்டு, ஆனால் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். மணாலி வழியாகவே போவதென்றால் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு ராத்திரி தங்கி, சர்ச்சுவில் தங்காமல் தாண்டிப் போகப் பாருங்கள். ஸ்ரீநகர் வழி இன்னும் சுலபம். இடையில் கார்கிலில் சுமார் 2,700 மீட்டரில் தூங்கலாம்.

அண்ணன் 2024-இல் அந்த வழியாகவே மறுபடி போனான். லேயில் இரண்டு நாள் ரூமை விட்டு வெளியே வராமல் படுத்துக் கிடந்தானாம். மூன்றாம் நாள் கர்துங் கணவாய். அங்கே நெடுங்காலம் 18,380 அடி என்று போர்டு நின்றது, ஜி.பி.எஸ். வைத்து அளந்தவர்கள் சுமார் 17,580 அடிதான் என்கிறார்கள். எண்ணூறு அடி எங்கே போச்சு என்று கேட்டேன். "எனக்கு அதுவே போதும்டா" என்றான்.